வேலமரத்து அன்னம்

அன்னம் என்றால் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாத ஜனங்கள் டாக்கிப் படம் எடுக்க வந்தார்கள். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். கேட்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நிறுத்திவிடுவேன். மீதியை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். குமணன்சாவடியில் பெங்களூர் ரோட்டோரம் என் வண்டிப் பட்டறை. பூந்தமல்லி வட்டாரத்தில் ஓடிய மாட்டு வண்டிகளில் பாதிக்கு மேல் எங்கள் அப்பாவும் நானும் செய்த சக்கரத்தில் ஓடியவை. மழை விட்ட ஒரு காலையில் மோட்டார் கார் ஒன்று பட்டறை முன்னால் வந்து நின்றது. இறங்கியவன் பெயர் பரந்தாமன், டாக்கி கம்பெனியின் செட்டிங் மாஸ்டர். அதற்கு முன்னால் நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவன். காடு வேண்டுமென்றாலும் துணி, கைலாசம் வேண்டுமென்றாலும் துணி. அதிலேயே ஊறிப்போனவனுக்கு, ஒரு பொருளுக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. பட்டுச் சட்டையும் சென்ட் வாசனையுமாக, செருப்பில் சேறு படாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே வந்தான்.

ஒரு காகிதத்தை விரித்தான். அதில் ஒரு அன்னம். வளைந்த கழுத்து, விரித்த இறக்கை, முதுகில் சிம்மாசனம், அதில் ராஜாவும் ராணியும், பின்னால் தாடி வைத்த ஒரு மந்திரி.

"இது படகு. அயனம்பாக்கம் ஏரியில் விடப்போகிறோம். தை மாதம் ஷூட்டிங்" என்றான்.

"நான் வண்டி கட்றவன் சார். படகு கட்றவங்கோ காசிமேட்ல கீறாங்கோ."

"அங்கேயும் போனோம். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்கள். படிக்காத ஜனங்கள்."

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று எனக்குக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்ததும் புரிந்தது. அன்னத்துக்கு ஒரு பக்கம்தான் இருந்தது.

"இன்னொரு பக்கம் எங்க சார்? அந்தாண்ட ரெக்க?"

"அது எதற்கு? கேமரா இந்தப் பக்கம்தான் நிற்கும். அந்தப் பக்கம் சும்மா பலகை அடித்து விடு."

"ஒரு பக்கம் மட்டும் கனமா இருந்தா சாஞ்சிடும் சார்."

"சாய்ந்தால் அந்தப் பக்கம் செங்கல்லை அடுக்கு." கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். "கட்டை வண்டி புத்தி. கலை என்றால் என்னவென்று இவனுக்கு எங்கே தெரியப் போகிறது?"

பட்டறையில் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட வந்திருந்த நாலு பேர் நின்றிருந்தார்கள். என் தொழிலை நம்பி ஏழு கல் தொலைவிலிருந்து வண்டி ஓட்டிவந்தவர்கள். அவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கே அந்தக் காகிதத்தைச் சுருட்டி அவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். கட்டை வண்டி புத்தி எப்படியிருக்கும் என்று அவனுக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு.

படகுக்கு லேசான மரம் வேண்டும். இது வண்டிக்காரனுக்கும் தெரியும், எருமை மேய்ப்பவனுக்கும் தெரியும். என் பட்டறையில் நல்ல மாம்பலகை இருந்தது. போன வாரம்தான் என் தங்கை வடிவு வந்து, மழையில் நனையாமல் அதைக் கூரைக்கடியில் அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அதைத் தொடவில்லை. வண்டி அச்சுக்கென்று குட்டையில் ஊறப்போட்டிருந்த வேலமரத்தை எடுத்தேன். ஊறிய வேலங்கட்டையைத் தண்ணீரில் போட்டால் நேராக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அன்னத்தின் அடிவயிறு முழுக்க அதுதான்.

பரந்தாமன் ஒரு தடவை வந்து பார்த்து, "ஏன் இப்படிக் கறுப்பாக இருக்கிறது?" என்று கேட்டான்.

"பெயின்ட் அடிச்சா தெரியாது சார்."

"கெட்டியாக இருக்குமா?"

"யான ஏர்லாம் சார்."

திருப்தியாகப் போய்விட்டான். அதற்கப்புறம் அவன் பண்ணிய வேலையைப் பார்க்க வேண்டுமே! கழுத்துக்கும் இறக்கைக்கும் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புச் சாந்து பூசினான். அது போதாதென்று வாத்து இறகு ஒட்டினான். மூக்குக்கு ரோஸ் நிறம் சரியாக வரவில்லை என்று மூன்று நாள் சாப்பிடாமல் அழுதான். எடுக்கப்போவதோ கறுப்பு வெள்ளைப் படம். அவன் சாந்தைப் பூசப் பூச, நான் மறுபக்கம் செங்கல்லை அடுக்கிக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜாவும் ராணியும் ஏறி உட்கார்ந்ததும் அன்னம் அப்படியே முழுகும். பட்டுச் சட்டையோடு அவன் ஏரியில் குதித்துத் தேடுவான். நான் கரையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு பார்ப்பேன். இரண்டு மாதம் இந்த ஒரு நினைப்பில்தான் வேலை செய்தேன்.

வடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வாழ்க்கைப்பட்டது அயனம்பாக்கத்தில். புருஷன் ரங்கூனுக்கு மர ஆலை வேலைக்குப் போனான். முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. ஊர் மணியக்காரர் வீரராகவனிடம் அரைக் காணி நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்குப் பிடித்து, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவளே பயிர் வைத்தாள். அதுவும் கடைமடை. ஏரித் தண்ணீர் மேல்மடையில் ஆரம்பித்து முறைப்படி ஒவ்வொரு நிலமாகப் பாய்ந்து, கடைசியில்தான் அவள் வரப்புக்கு வந்துசேரும். "பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா வெவசாயம்? ஒரு போகம் தப்பிச்சின்னா நெலத்த வேற ஆளுக்குக் குட்த்துடுவேன்" என்று மணியக்காரர் ஊர் நடுவில் வைத்துச் சொல்லியிருந்தார். மூன்று போகமாக அவள் தப்பவிடவில்லை.

பட்டறையில் வளர்ந்தவள் வடிவு. சின்ன வயசில் கண்ணைக் கட்டிவிட்டுக் கட்டையைக் கையில் கொடுத்தால், தூக்கிப் பார்த்தே இது வேம்பு, இது மா, இது வேலம் என்று சொல்லுவாள். என்னைவிட நன்றாகச் சொல்லுவாள்.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் அன்னத்தை லாரியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனோம். ஏரிக்கு ஆழம் மதகு இருக்கிற கரையோரம். எதிர்ப்பக்கம் மேடு, முழங்கால் தண்ணீர். டாக்கிக்காரர்கள் கூடாரம் அடித்தது அந்த மேட்டுப் பக்கத்தில். அங்கேதான் பனந்தோப்பு இருக்கிறதாம், ராணி வேஷக்காரிக்கு நிழல் வேண்டுமாம். ஒன்பது பேர் சேர்ந்து அன்னத்தைத் தண்ணீரில் தள்ளினோம். இரண்டு ஆள் நீளம் நகர்ந்தது. ராஜா ஏறினார், ராணி ஏறினாள். அடை காக்கிற கோழி மாதிரி அன்னம் அப்படியே சேற்றில் குந்திக்கொண்டது.

முழுகவில்லை. முழுகுவதற்கு அங்கே தண்ணீர் ஏது? இதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

பரந்தாமன் முகம் வெளுத்துப்போய் நின்றான். டைரக்டர் கேமராவுக்குள் கண்ணை விட்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நானும் ஆசையோடு காத்திருந்தேன். தலையைத் தூக்கி, "பிரமாதம்! கொஞ்சம்கூட ஆடவில்லை. இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அன்னம் நகராது, ஆனால் நகர்கிற மாதிரித் தெரிய வேண்டும். அதனால் தென்னங்கீற்றும் மரக்கிளையும் வெட்டி, பத்து ஆள் கையில் கொடுத்து, அன்னத்துக்குப் பின்னால் இடுப்பளவு குனிந்து வரிசையாக நடக்கவிட்டார்கள். மரம் அந்தப் பக்கம் போனால் படகு இந்தப் பக்கம் போகிறதாம்! ராஜா துடுப்பைப் போட்டுச் சேற்றைக் கிளறிக்கொண்டு பாட்டுப் பாடினார். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர்களிடம் தோற்பதற்கும் ஒரு மானம் வேண்டும்.

மறுநாள் காலையில் தொல்லை ஆரம்பித்தது. மதகு திறந்து முறைத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு நாளில் ஏரி இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அன்னத்தின் அடியில் பெயின்ட் இல்லாத கறுப்புக் கட்டை எட்டிப் பார்த்தது. நேற்று எடுத்ததில் இறக்கை நுனி வரைக்கும் தண்ணீர், இன்றைக்கு வயிறு தெரிகிறது. மிதக்கிற படகாக இருந்தால் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். என் படகை நகர்த்த யானைதான் வர வேண்டும்.

டைரக்டர் மணியக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். மதகை மூடச் சொன்னால் ஊரே திரண்டு வரும் என்று மணியக்காரர் முதலில் முறுக்கத்தான் செய்தார். படத்தில் மந்திரி வேஷம் அவருக்கே என்று டைரக்டர் சொன்னார். அவ்வளவுதான், முறுக்கு அவிழ்ந்துபோயிற்று. ஒட்டுத்தாடியைத் தாடையில் வைத்துக் கண்ணாடியில் ஒரு பக்கம், மறு பக்கம் என்று பார்த்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நீர்க்கட்டி திருவேங்கடத்துக்கு உத்தரவு போனது. மதகைத் திறந்து மூடி, முறைப்படி தண்ணீர் விடுவதுதான் திருவேங்கடத்தின் வேலை. அவன் முழுகி, மதகுக் கட்டையை இறக்கிவிட்டு வந்தான்.

மேல்மடைக்காரர்கள் வாய் திறக்கவில்லை. அவர்கள் வயலில் தண்ணீர் நின்றது. முறை பாக்கி இருந்தது கடைமடைக்கு மட்டும்.

அடுத்த நாள் வடிவு குமணன்சாவடிக்கு நடந்தே வந்தாள். கால் முழுக்கப் புழுதி.

"அண்ணா, நாளைக்கி என் மொற. மதகை மூடிட்டாங்கோ. கதிரு இப்பதான் பால் புடிக்குது. ஒரே ஒரு தண்ணி பாஞ்சா போதும், பொழச்சிக்கும்."

"திருவேங்கடத்த கேட்டியா?"

"கேட்டேன். மணியக்காரர் சொன்னா நான் இன்னா பண்றதுன்றான். மணியக்காரர் தாடி வச்சிகினு ஆடிகினு கீறாரு. கிட்டயே வுடமாட்டேன்றாங்கோ, கயிறு கட்டிட்டாங்கோ." மூச்சு வாங்கினாள். "அந்த அன்னம் நீ பண்ணதுதானே? நீ சொன்னா கேப்பாங்கோ அண்ணா. எனக்காவ ஒரு வார்த்த சொல்லு."

சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. தப்பு என் மேல்தான், வேண்டுமென்றே வேலமரத்தில் செய்தேன், இரண்டு நாள் கொடுங்கள், அடிப்பாகத்தைப் பிரித்து மாம்பலகை போட்டுத் தருகிறேன், அன்னம் மிதக்கும், ஆழத்துக்குக் கொண்டுபோங்கள், மதகைத் திறந்துவிடலாம். இவ்வளவுதான். வழி நெடுக இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் பரந்தாமன் ஓடிவந்தான். கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆசாரியாரே, வாருங்கள்! உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்." இழுத்துக்கொண்டு போய் டைரக்டர் முன்னால் நிறுத்தினான். "இவர்தான் சார். இவரைப் போய்க் கட்டை வண்டி புத்தி என்று சொன்னேன். என் நாக்கைத்தான் அறுக்க வேண்டும். தேர் மாதிரி நிற்கிறது!"

டைரக்டர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். பட்டறையில் அன்றைக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து, கயிற்றுக்கு அந்தாண்டை நின்றிருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள். அடுத்த படத்தில் ரதம் வருகிறது, அதுவும் உங்களுக்குத்தான் என்றார் டைரக்டர். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

நான் உட்கார்ந்தேன். சோடாவைக் குடித்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பெயின்டுக்கு அழுதவனையும் தாடிக்கு ஏரியைக் கொடுத்தவனையும் இன்றுவரை நாக்கு வலிக்கத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைப் போல ஒரு கழிசடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போகிற போக்கில், "மதக கொஞ்சம் தெறந்தா நல்லார்க்கும் சார், கடைமடைல பயிரு கீது" என்றேன். "இன்னும் இரண்டே நாள்" என்றான் பரந்தாமன். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வடிவு கரையில் காத்திருந்தாள். "சொல்லிட்டேம்மா. எவ்ளோ சொன்னாலும் கேக்கமாட்டேன்றானுங்கோ" என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பினாள்.

இரண்டு நாள் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒரு நாள் மேகம். இரண்டு நாள் ராணிக்கு ஜுரம். நாலு நாளை மணியக்காரரே தின்றார். அவருக்கு மொத்தமே ஒரு வரிதான் வசனம்: "அரசே, நம் நாட்டில் தண்ணீருக்குக் குறைவே இல்லை." அதைச் சொல்வதற்குள் தாடி கழன்று வரும், இல்லாவிட்டால் கேமராவைப் பார்த்துக் கும்பிடுவார், இல்லாவிட்டால் அரசே என்பதற்குப் பதில் துரையே என்பார். அந்தப் பன்னிரண்டு நாளும் வடிவு எதிர்க்கரையில் ஏரியிலிருந்து குடத்தில் மொண்டு, கரை ஏறி, இறங்கி, வயலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூத்த பெண்ணும் ஒரு சின்னக் குடத்தோடு பின்னால் நடந்தது. அரைக் காணி நிலத்துக்குக் குடத்துத் தண்ணீர்! ஊற்றிய இடம் அடுத்த குடம் வருவதற்குள் காய்ந்தது.

ஷூட்டிங் முடிந்த அன்றைக்கே கம்பெனிக்காரர்கள் அன்னத்தைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் திருவேங்கடம் மதகைத் திறந்தான். வடிவு வயலுக்குத் தண்ணீர் வந்தபோது அங்கே வைக்கோல்தான் நின்றது. அறுத்துத் தூற்றினாள். அத்தனையும் பதர். மணியக்காரர் களத்துக்கு வந்து, காலால் பதரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்றார். தாடைத் தோலில் தாடி ஒட்டிய பசை இன்னும் உரிந்துகொண்டிருந்தது. நிலம் அவர் மச்சான் கைக்குப் போயிற்று. வடிவு குத்தம்பாக்கத்துப் பக்கம் செங்கல் சூளைக்குக் கல் சுமக்கப் போனாள்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் அந்தப் படம் பூந்தமல்லி டென்ட் கொட்டகைக்கு வந்தது. வடிவே என்னைக் கூப்பிட்டாள். "எங்க அண்ணன் பண்ண அன்னத்த நான் இன்னும் கிட்ட பாக்கவே இல்ல. வா அண்ணா" என்றாள். சூளையிலிருந்து நேராக வந்திருந்தாள், கையெல்லாம் செம்மண். முதல் ஆட்டம். தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடு கட்டிக்கொண்டு, அவள் உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்னம் வந்தது. கொட்டகையே ஆவென்று வாயைப் பிளந்தது. கழுத்தை வளைத்துக்கொண்டு, இறக்கை நுனியில் தண்ணீர் மினுமினுக்க நின்றது. பின்னால் மரங்கள் ஓடின. மணியக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு, அரசே, நம் நாட்டில் தண்ணீருக்குக் குறைவே இல்லை என்றார். ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். திரையின் மூலையில், தூரத்துக் கரைமேல், எறும்பு அளவுக்கு ஒரு உருவம் தலையில் குடத்தோடு ஏறி இறங்கியது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வடிவு அதைப் பார்த்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண் அங்கே இல்லை. அன்னத்தின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது மெதக்கல."

நான் மணல் மேட்டைத் தட்டிச் சரிசெய்தேன்.

"மூணு பேரு ஏறி எறங்கறாங்கோ, ஒரு ஆட்டம் இல்ல. தரைல குந்திகினு கீது." திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "நான் அடுக்கிவச்ச மாம்பலவ அப்டியே பட்டறைலதான் கீது. இதுக்கு இன்னா மரம் போட்ட?"

சுற்றிலும் ஒரே கூச்சல். காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"வேலம்" என்றேன்.

"ஊறப்போட்டதா?"

"ஆமா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று கத்தினார்கள். அவர்களைத் தாண்டி, யார் காலையும் மிதிக்காமல், வெளியே போனாள். நான் மணல் மேட்டில் உட்கார்ந்தபடியே இருந்தேன். படம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அப்புறம் அவள் என் பட்டறைப் பக்கம் வரவில்லை.